அப்பாவின் கால் இளைக்கிறது, சிஆர்பி 6: மஞ்சள் கேப்சூல் போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. தினமும் காலையில் 40 நிமிடம் வாக்கிங் போகிறார். அப்படியும் ஒரு வருடத்தில் எடை 72 கிலோவிலிருந்து 67க்கு வந்துவிட்டது. தொப்பை அப்படியே இருக்கிறது, தொடையும் கெண்டைக்காலும்தான் இளைத்துவிட்டன. ஹெல்த் செக்கப்பில் சிஆர்பி (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 6 என்று வந்தது. "உடம்பில் அழற்சி இருக்கிறது, அது தசையைத் தின்கிறது" என்று தெரிந்தவர் ஒருவர் மஞ்சள் கேப்சூல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா? புரோட்டீன் பவுடர் தேவையா?

பதில்: கேப்சூலைப் பிறகு பார்ப்போம். என்னைக் கவலைப்படுத்துவது அந்த 5 கிலோதான். முயற்சி எதுவும் செய்யாமல் ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்; அப்பாவுக்குக் குறைந்திருப்பது ஏறக்குறைய 7 சதவீதம். மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி, தைராய்டு, ரத்த அணுக்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், நெஞ்சு எக்ஸ்ரே இவ்வளவையும் பார்த்துவிடுங்கள். எக்ஸ்ரே எதற்கு என்று கேட்பீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், முதியவர்களுக்கு அது இருமலே பெரிதாக இல்லாமலும் வரலாம். புற்றுநோய்க்கான அறிகுறி உண்டா என்பதையும் மருத்துவர் விசாரிப்பார். மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள், சில சர்க்கரை மருந்துகளே எடையைக் குறைக்கும்.

இதிலெல்லாம் ஒன்றும் இல்லை என்றால், தெரிந்தவர் சொன்னது பாதி சரி. வயதாக ஆக, காய்ச்சலோ வீக்கமோ இல்லாமலே ஒரு மெல்லிய அழற்சி உடம்பில் நிலையாகத் தங்கிவிடுவதுண்டு. அந்த நேரத்தில் ரத்தத்தில் சுற்றும் இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் தசைப் புரதம் சிதைவதைக் கூட்டும், புதிதாகக் கட்டுவதை மந்தமாக்கும். இளைஞருக்குப் போதுமான புரதம் முதியவரின் தசைக்குப் போதாமல் போக இதுவும் ஒரு காரணம். ஆனால் சிஆர்பி கல்லீரலில் உருவாகும் பொருள், தசையை அளக்கும் பரிசோதனை அல்ல. சளி பிடித்தாலும் பல் வீங்கினாலும் அது ஏறும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

மறுபடியும் கூடுதலாகவே இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தொப்பை குறையவில்லை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை, அழற்சிப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும். அடுத்தது ஈறு. பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்று கேளுங்கள். ஈறுநோய் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை ஈறைக் கெடுக்கும். ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்தால் சிஆர்பியும் சர்க்கரையும் ஓரளவு இறங்குவதைப் பார்க்கிறோம். பல் சரியில்லாதவர் சுண்டலையும் கறியையும் ஒதுக்கிவிட்டு ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்வார் என்பது இன்னொரு சங்கடம். புகைபிடிக்கும் பழக்கம், மூட்டுவாதம் இருந்தால் அவற்றையும் கவனிக்க வேண்டும்.

வாக்கிங் நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் சமதரையில் நடப்பதால் தொடைக்குப் பெரிய பளு கிடைப்பதில்லை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, கைகளை நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைக் குறைவு இருக்கலாம் என்று ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வரையறுத்தது. ஆண்களுக்குக் கெண்டைக்காலின் சுற்றளவு 34 செமீக்குக் கீழே இருந்தாலும் அப்படியே.

அந்தச் சோதனையையே பயிற்சியாகவும் வைத்துக்கொள்ளலாம். நாற்காலியிலிருந்து 8 முதல் 10 முறை எழுவது, சற்று ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. கூடவே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். முட்டி வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். சுலபமாகிவிட்டால் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள். பளு ஏறாமல் தசை ஏறாது. மூச்சை அடக்கக் கூடாது. இன்சுலின் போடுபவர் என்றால் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் விழித்திரையில் ரத்தக்கசிவு இருந்தால் கண் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். "71 வயதில் இதெல்லாமா?" என்று அப்பா சொன்னால் இதைச் சொல்லுங்கள்: 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் காலுக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக முன்பு இருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு நாட்பட்ட அழற்சியும் மெல்லத் தணிகிறது. அதனால்தான் கேப்சூலைவிடப் பயிற்சியைப் பெரிதாகச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆரோக்கியமான முதியவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது கணக்கு. அப்பாவுக்கு நாளொன்றுக்கு 67 முதல் 80 கிராம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் இரண்டு மூன்று கிராம் புரதம் இருந்தால் பெரிது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12க்கு மேல், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20. இட்லி, சட்னி மட்டும் என்ற காலை உணவில்தான் பெரிய ஓட்டை, அதை முதலில் அடையுங்கள். கிரியாட்டினின் பற்றி நீங்கள் எழுதவில்லை. சிறுநீரகம் பாதித்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இவ்வளவும் சாப்பிட முடியாதபோதுதான் பவுடர். வாங்குவதற்கு முன் சர்க்கரை எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

சரி, மஞ்சள். குழம்பில் போடுவது போடட்டும், பாலில் ஒரு சிட்டிகையும் தவறில்லை. கேப்சூல் வேறு விஷயம்: அதில் மஞ்சளின் சாரம் செறிவாக இருக்கும், உடம்பு ஏற்க வேண்டும் என்று பலவற்றில் மிளகுச் சாரமும் சேர்க்கிறார்கள். அப்படி எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. அது இளைத்த தொடையை மீட்கும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அழற்சியைக் குறைக்கிறேன் என்று வலி மாத்திரையைத் தினமும் போடுவது அதைவிட மோசம், சர்க்கரையோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்புறம், லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடி ஏதாவது வீட்டில் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், நாட்பட எடுத்தால் தொடைத் தசையைக் கரைப்பதே அதுதான். பல நாள் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

பயிற்சி தொடங்கி 12 வாரம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி நேரம் பாருங்கள். நேரம் குறைந்திருந்தால் தொடருங்கள். குறையவில்லை, எடையும் இன்னும் இறங்குகிறது என்றால் முதியோர் நல மருத்துவரைப் பாருங்கள். இடையில் காய்ச்சல், இரவு வியர்வை, அல்லது தோளும் இடுப்பும் காலையில் வெகுநேரம் இறுகிக்கிடப்பது என எது வந்தாலும் 12 வாரம் காத்திருக்க வேண்டாம்.