கேபின் ஜன்னலிலிருந்து சில பதில்கள்

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, திருப்பாதிரிப்புலியூரில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுகிறோம். கடலூரிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் முப்பது நாற்பது பேர் வருகிறார்கள். போன மாதம் படம் முடிந்ததும் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்து, "பிடித்த படம், ஏமாற்றிய படம், எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதிப் போடுங்கள், ஒளிக்காமல் சொல்கிறேன்" என்றேன். டப்பா நிறைந்துவிட்டது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் 1977ல் கடலூரில் தியேட்டர் உதவி ஆபரேட்டராக, படம் ஓட்டுகிற கேபினுக்குள் நுழைந்தவன். ஃபிலிம் பெட்டி வருவது நின்று டிஜிட்டல் வந்த பிறகு வேலையை விட்டேன். படத்தையும் பார்த்தேன், படம் பார்க்கிற ஜனங்களின் பின்தலையையும் பார்த்தேன். எந்தக் காட்சியில் எத்தனை பேர் எழுந்து வெளியே போகிறார்கள் என்பது ஆபரேட்டருக்குத் தெரிகிற அளவுக்கு டைரக்டருக்குக் கூடத் தெரியாது.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு ஆசிரியை: ஐயா, ‘அன்பே சிவம்’ டிவியில் போட்டால் எங்கள் வீட்டில் ஒருவரும் எழுந்து போவதில்லை. வந்தபோது ஏன் ஓடவில்லை? நம் ஜனங்களுக்கு ரசனை இல்லையா?

ரசனை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன் அம்மா. 2003 பொங்கலுக்கு வந்த படம் அது. அதே பொங்கலுக்கு ‘தூள்’ வந்தது. இரண்டுக்கும் வித்யாசாகர்தான் இசை. பொங்கல் வைத்து, கரும்பு கடித்து, பிள்ளைகுட்டியோடு கிளம்பி வருகிறவர்கள் விசிலடித்துச் சிரித்துவிட்டுப் போக வருகிறார்கள். புவனேஸ்வர் விமான நிலையத்தில் மழைக்கு மாட்டிக்கொண்ட இரண்டு பேர் வழியெல்லாம் வாதம் பண்ணிக்கொண்டே வருவதைப் பார்க்க அன்றைக்கு அவர்களுக்குப் பொறுமை இல்லை. அது அவர்கள் குற்றமில்லை.

வந்த கொஞ்சம் பேர் எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ரயில் விபத்துக்குப் பிறகு அந்தப் பையன் ஆம்புலன்ஸில் போகிற காட்சியில் அரங்கத்தில் ஒரு முறுக்குப் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கூடக் கேட்கவில்லை. இன்றைக்கு உங்கள் வீட்டில் எழுந்து போகாதவர்களும் அந்தக் கொஞ்சம் பேர் மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பண்டிகை அவசரம் இல்லாமல் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை ஃபிளாஷ்பேக் நீளம். அந்த முதலாளிக்கு ஒரே ஒரு நல்ல குணமாவது கொடுத்திருந்தால் படம் இன்னும் பலமாக இருந்திருக்கும்.

பாண்டி முத்தியால்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணே, சமீபத்தில் உங்களை அதிகம் ஏமாற்றிய படம்?

‘இந்தியன் 2’. 1996ல் முதல் ‘இந்தியன்’ ஓட்டியவன் நான். தீப்பட்ட மகளைத் தூக்கிக்கொண்டு சேனாபதி ஓடுவார். லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்று அவர் நிற்க, மகள் செத்துப் போவாள். அதற்குப் பிறகு அவர் கத்தியை எடுத்தால் அது நம் கத்தி. 28 வருஷம் கழித்து வந்த படத்தில் அவர் யாரையோ கொல்கிறார். செத்தவன் கெட்டவன் என்று வசனம் சொல்கிறது, நமக்குப் பதறவில்லை. சேனாபதிக்கு வலிக்கிறது என்று நான் ஒரு காட்சியிலும் நம்பவில்லை. மூன்று மணி நேரப் படத்தில் பிறகு 12 நிமிடம் வெட்டினார்கள். நீளம் நோய் இல்லையே தம்பி, வெட்டினால் எப்படிக் குணமாகும்?

அடுத்தது ‘கங்குவா’. 2024 நவம்பரில் முதல் நாள் போனேன். சூர்யாவின் உழைப்பு திரையில் தெரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனால் முதல் பாதி முழுக்கக் கத்தல். தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் சத்தத்தை 2 புள்ளி குறைக்கச் சொன்னார். சவுண்டு பெட்டியில் 7 என்பதுதான் கணக்கு, அந்த அளவை வைத்துத்தான் ஒலியைக் கலக்குகிறார்கள். அதில் 2 குறைத்தால் வசனமும் சேர்ந்து இறங்கிவிடும். எல்லோரும் எந்நேரமும் கத்தினால் எது முக்கியம் என்று காதுக்கு எப்படித் தெரியும்? ஒரு இடம் சத்தமாகக் கேட்க, அதற்கு முன்னால் ஒரு இடம் அமைதியாக இருக்க வேண்டும். பழைய மோனோ காலத்திலேயே இது தெரிந்த டைரக்டர்கள் இருந்தார்கள்.

கடலூர் முதுநகர்: உங்களுக்கு மாஸ் படமே பிடிக்காதா சார்?

யார் சொன்னது? ‘பாட்ஷா’ என் உயிர். 1995 பொங்கலிலிருந்து எத்தனை காட்சி ஓட்டினேன் என்று கணக்கில்லை, ஒரு தடவை கூடச் சலிக்கவில்லை. காரணம் பொறுமை. தம்பிக்குப் பதிலாகக் கம்பத்தில் கட்டி வைத்து அடி வாங்குவார் மாணிக்கம். ரஜினி அடி வாங்குகிறார், ஜனம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தங்கை மேல் கை வைத்ததும் அவர் திரும்புகிற இடத்தில், கேபின் கண்ணாடி அதிரும். மிகைப்படுத்தவில்லை, விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதே டைரக்டர் சுரேஷ் கிருஷ்ணா, அதே ரஜினி, 2002ல் ‘பாபா’. ஏழு தடவை பலிக்கிற மந்திரம் கையில் இருக்கிறது, நினைத்தது நடக்கும். நினைத்தது நடக்கிறவனுக்காக நான் ஏன் பல்லைக் கடிக்க வேண்டும்? 2022 டிசம்பரில் வெட்டிச் சுருக்கி மறுபடி வெளியிட்டார்கள். அதையும் போய்ப் பார்த்தேன். வேகமாகப் போகிறது, ஆனால் அவருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் இப்போதும் வரவில்லை.

திருப்பாதிரிப்புலியூர், பெயர் வேண்டாம் என்றவர்: ஒரே ஒரு தமிழ்ப் படம் சொல்லுங்கள் என்றால்?

‘உதிரிப்பூக்கள்’. இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருக்கிற இதே ஊரில் 1906ல் புதுமைப்பித்தன் பிறந்தார். திருநெல்வேலிக்காரர் என்றுதான் உலகம் சொல்லும், சரி, ஆனால் பிறந்த மண் நம்முடையது. அவர் எழுதிய ‘சிற்றன்னை’யைத் தொட்டு 1979ல் மகேந்திரன் எடுத்த படம். கதையிலிருந்து அவர் வெகுதூரம் போய்விட்டார். ஆனால் தாயில்லாப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு வீட்டில் எப்படி இருப்பார்கள் என்ற அந்தக் கவலையை மட்டும் விடவில்லை.

அப்போது நான் உதவி ஆபரேட்டர். எங்கள் பெரிய ஆபரேட்டர் மெஷின் விளக்கின் கார்பன் குச்சியைச் சரிபார்த்துக்கொண்டே, "இதில் சண்டை இல்லை, ரெண்டாவது ஆட்டத்துக்குள் தூக்கிவிடுவான்" என்றார். முதல் நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணவனாக வரும் விஜயன் கத்துவதே இல்லை. மெதுவாகப் பேசுகிறார், சிரிக்கிறார், மனைவியை வார்த்தையால் குத்துகிறார். அஸ்வினி பதில் சொல்லாமல் பார்க்கிறார். அசோக்குமாரின் காமிரா அந்தப் பார்வை முடிகிற வரைக்கும் காத்திருக்கிறது. ‘அழகிய கண்ணே’ பாட்டு வரும்போது தரை டிக்கெட்டில் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பது எனக்கு மேலிருந்து தெரிந்தது. துறைமுகத்தில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்தவர்கள் அவர்கள்.

கடைசி ரீலைச் சொல்ல வேண்டும். ஊரே சேர்ந்து அந்த மனிதனை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. அவன், உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே என்கிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறான். கெட்டவன் சாகிறான், ஆனால் ஒருவரும் கை தட்டவில்லை. கரையில் குழந்தைகள். பொதுவாகக் கடைசிக் காட்சி தொடங்கும்போதே செருப்பைத் தேடுகிற ஜனம் நம் ஜனம். அன்றைக்கு விளக்கைப் போட்ட பிறகும் ஐந்தாறு வரிசை அப்படியே உட்கார்ந்திருந்தது. பெரிய ஆபரேட்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் பேசாமல் பீடி பற்றவைத்தார்.

அதற்குப் பிறகு எந்தப் படம் பார்த்தாலும் நான் தேடுவது இதைத்தான்: நான் புரிந்துகொள்வேன் என்று இந்த டைரக்டர் என்னை நம்புகிறாரா?

நெல்லிக்குப்பம்: ‘மெய்யழகன்’ நல்ல படம், ஆனால் இழுவை. குறைத்தது சரிதானே?

சரியில்லை. 2024 செப்டம்பரில் வெளியாகி, சில நாளில் சுமார் 18 நிமிடத்தை எடுத்தார்கள். நான் இரண்டு வடிவமும் பார்த்தேன். ஊரை விட்டுப் போனவன் ஒரு ராத்திரிக்குத் திரும்பி வருகிறான், பெயர் கூட ஞாபகம் வராத ஒருவன் அவன் மேல் பாசத்தைக் கொட்டுகிறான். அந்த ராத்திரி நீளமாகத்தான் இருக்க வேண்டும். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி எவ்வளவு நீளம்?

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஒரு தியேட்டரில், ரெண்டாவது ஆட்டம் முடிய நேரமானால் நெல்லிக்குப்பம், பண்ருட்டி போகிறவர்களுக்கு கடைசி பஸ் போய்விடும், கூட்டம் குறையும் என்று ஒரு பாட்டை எடுக்கச் சொன்னார்கள். பிளேடால் ஃபிலிம் மேல் பூசிய மருந்தைச் சுரண்டி, ஃபிலிம் சிமென்ட் என்கிற பசையைத் தடவி, அழுத்திப் பிடித்து ஒட்டினேன். நான்கு நிமிடப் பாட்டு என்றால் 360 அடி. வளையமாகச் சுற்றி ஒரு தகர டப்பாவில் போட்டேன். மறுநாள் ஒரு பெரியவர் படம் முடிந்து கேபின் படிக்கட்டு வரை ஏறி வந்து, "தம்பி, அந்தப் பாட்டுக்குத்தான் என் சம்சாரத்தைக் கூட்டி வந்தேன்" என்றார். கோபப்படவில்லை, கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்று ராத்திரியே திரும்ப ஒட்டினேன். அவர் மறுபடி வந்தாரா தெரியாது.

பாண்டி, குருசுகுப்பம்: நம்ம ஊரில் எடுத்த படங்களில் எது பிடிக்கும்?

‘நானும் ரௌடி தான்’ ஜாலியாகப் போகும், காது கேட்காத காதம்பரியாக நயன்தாரா நன்றாகச் செய்திருப்பார். ஆனால் மனதில் நிற்பது ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’. 2011 தொடக்கத்தில் இங்கே எடுத்தார்கள், தாவரவியல் பூங்காவையே மிருகக்காட்சி சாலையாக்கினார்கள். 2012 நவம்பரில் பாண்டியில் பார்த்தேன். படம் தொடங்கும்போதே பாம்பே ஜெயஸ்ரீ குரலில் தமிழ்த் தாலாட்டு. ஹாலிவுட் படம் என்று வந்த கூட்டம் ஒரு நொடி திகைத்து அமைதியானது.

நடுக்கடலில் புயல் வந்து கப்பல் மூழ்குகிற இடத்தில் என் பக்கத்தில் இருந்த அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ‘தானே’ புயல் நம் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. அந்த ராத்திரி ஓடு பறந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அது வெறும் கிராஃபிக்ஸ் இல்லை. அந்தக் கடல் காட்சிகளைத் தைவானில் தொட்டி கட்டி எடுத்தார்கள் என்று பிறகு படித்தேன். அப்படியும் நம் கடல் மாதிரியே இருந்தது. குறை ஒன்றுதான்: நம் ஊர் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, வீட்டுக்குள்ளேயும் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள்.

கூத்தப்பாக்கம்: பத்து வயதுப் பையனுக்கு என்ன காட்டலாம்?

‘பசங்க’, ‘காக்கா முட்டை’. இரண்டாவதைப் பார்த்த அன்று பீட்சா கேட்பான், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம், நூலக வாசகர்: ஜெயகாந்தன் கடலூர்க்காரர். அவர் கதைகள் படமானதில் எது?

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’, பீம்சிங் எடுத்தது. லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது, முழுத் தகுதியோடு. வசனம் அதிகம்தான். ஆனால் லட்சுமி நடித்த கங்கா யோசிக்கிறவள், யோசிப்பவள் பேசட்டுமே. ஜெயகாந்தனே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ பிரதி எங்காவது கிடைத்தால் மாடியில் போடலாம், தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாண்டி, ஐடி ஊழியர்: நீங்கள் தப்பாக மதிப்பிட்ட படம் உண்டா?

‘குணா’. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் அதுவும் ஒன்றாக வந்தன. ஊரே தளபதி பக்கம், நானும்தான். குணாவைப் பைத்தியக்காரன் கதை என்று ஒதுக்கினேன். 2024ல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ பார்க்கும்போது, குழிக்குள்ளிருந்து பையனைத் தூக்கியதும் குணாவின் அந்தக் கண்மணிப் பாட்டு வந்தது. என்னைச் சுற்றி 1991ல் பிறக்கவே பிறக்காத பிள்ளைகள் வரி விடாமல் பாடினார்கள். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரியே குணாவை முழுதாகப் பார்த்தேன். டைரக்டர் சந்தானபாரதியிடமும் கமலிடமும் நேரில் மன்னிப்புக் கேட்க முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர், ஏழாம் வகுப்பு மாணவி: தாத்தா, கேபினுக்குள் இருந்தால் படத்தில் பேசுவது கேட்குமா?

சரியாகக் கேட்காது பாப்பா. இரண்டு மெஷின் ஓடுகிற சத்தம் காதை அடைக்கும். மூலையில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று கரகரக்கும். ஒரு ரீல் முடியப் போகும்போது திரையின் வலது பக்க மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி வரும், உடனே அடுத்த மெஷினை ஓட்ட வேண்டும், இரண்டாவது புள்ளி வந்ததும் மாற்ற வேண்டும். நடுவில் ஏழெட்டு நொடிதான். அதனால் பிடித்த படத்துக்கு லீவு நாளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கீழே வந்து உட்காருவேன். அப்போதுதான் வசனம் முழுதாகக் கேட்கும்.

அந்தத் தகர டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது, உள்ளே துண்டு ஃபிலிம்கள் கிடக்கின்றன. அடுத்த ஞாயிறு கொண்டு வருகிறேன். வெயில் இருக்கும்போதே வந்துவிடு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால்தான் முகம் தெரியும்.