சினிமாவில் வருவதுபோல் நெரிசலான நகரத்தை இரவில் எப்படிப் படம் எடுப்பது?

நீலத்தையும் சிவப்பையும் ஏற்றிவிட்டால் சினிமா வந்துவிடும் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஹாங்காங்கில் நான்கு இரவுகள் சுற்றிய பிறகு புத்தி தெளிந்தது.

போனது வேலை விஷயமாக. மண்டைக்குள் ஓடியதோ ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாயின் ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’, 1994-இல் வந்த படம். அதனாலேயே அந்தப் படத்தில் வரும் சுங்கிங் மேன்ஷன்ஸில் அறை எடுத்தேன். நேதன் ரோட்டை ஒட்டிய 17 மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் பணம் மாற்றும் கடைகள், சமோசா, மசாலா வாசனை. படம் நினைவுக்கு வரும் என்று பார்த்தால் பர்மா பஜார்தான் வந்தது. உள்ளே கேமராவைத் தூக்கியதும் ஒருவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். சரி, பிழைக்க வந்த இடத்தில் அவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று தெருவுக்கு வந்துவிட்டேன்.

முதல் இரவில் 200 படம் எடுத்தும் ஒன்றுகூடத் தேறவில்லை. கேமராவை ஆட்டோ மோடில் விட்டதுதான் தப்பு. இருட்டைக் கண்டதும் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி, ராத்திரியைச் சாயங்காலமாக்கிவிட்டது. பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் வெள்ளைத் திட்டு. மறுநாள் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, படத்தின் நிறச் சாயலை முடிவுசெய்யும் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வின் பக்கம் இறக்கினேன். மஞ்சள் அடங்கி, நிழலில் நீலம் எட்டிப் பார்த்தது. நிறத்துக்கு இவ்வளவு போதும்.

நான் பிடிக்க ஆசைப்பட்டது அந்தப் படத்தின் ஓட்டத்தை. நடிகர் டோனி லியுங் கடை முன்னால் நிதானமாகக் காபி குடிப்பார். குறுக்கே போகிற ஜனங்கள் வெறும் கோடுகளாகப் பறப்பார்கள். கேமராவை, வழக்கமான வினாடிக்கு 24 ஃபிரேமுக்குக் (தனித்தனிப் படங்களுக்கு) குறைவாக ஓடவிட்டு, நடிகர்களை மட்டும் வேண்டுமென்றே மெதுவாக அசையவைத்து எடுத்தது. தொடக்கத்தில் வரும் துரத்தல் வேறு வகை: குறைந்த ஃபிரேமில் எடுத்து, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப அச்சிட்டு நிரப்பியிருப்பார்கள். ஸ்டெப் பிரிண்டிங் என்பார்கள்.

நம் கையில் இருப்பது ஒரே ஃபிரேம். அதனால் நடப்பவர்கள் கோடாக விழும்படி, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/8 வினாடியாக வைத்து, அசையாமல் நிற்கும் ஓர் ஆளைத் தேட வேண்டும். போன் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை விட்டுவிடாதீர்கள். சிலைபோல் நிற்பார்கள், முகத்துக்கு வெளிச்சமும் இலவசம்! டிரைபாட் வேண்டாம், அந்தக் கூட்டத்தில் உதைதான் கிடைக்கும். நான் மோங் காக் என்ற நெரிசலான பகுதியில் ஒரு சிக்னல் கம்பத்தில் தோளை முட்டுக்கொடுத்து நின்றேன். அங்கே சிக்னலே டிக் டிக் என்று சத்தம் போடும். கடக்கலாம் என்றால் சத்தம் வேகமெடுக்கும். அது வேகமெடுத்ததும் நானும் அழுத்துவேன்.

ஒரு விஷயம். பழைய நியான் பலகைகள் நிறையக் கழன்று எல்இடி வந்துவிட்டது. வேகமான ஷட்டரில் எல்இடி பட்டை பட்டையாக விழக்கூடும். அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். 1/8-இல் அந்தக் கவலையே இல்லை.

கடைசி இரவு ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பையோடு போனைப் பார்த்தபடி ஓரமாக நின்றார். சுற்றிலும் கூட்டம் கரைந்து ஓடியது, பின்னால் சிவப்புக் கூரை மினிபஸ் நீளக் கோடானது. பன்னிரண்டு முறை அழுத்தியதில் ஒன்று தேறியது. அதிலும் அந்தப் பை மட்டும் ஆடியிருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.