8 ஜிபி ரேமில் 20 ஜிபி கோப்பை எம்மேப் (mmap, கோப்பை நினைவக முகவரிகளோடு இணைக்கும் அழைப்பு) செய்ய முடிகிறதே, எப்படி? சாதாரண ரீட் (read, கோப்பைப் படித்து நகலெடுத்துத் தரும் அழைப்பு) போதாதா?

முடியும், ஏனென்றால் எம்மேப் அந்த நேரத்தில் கோப்பைப் படிப்பதே இல்லை. 'இந்த முகவரியிலிருந்து இதுவரை இந்தக் கோப்புக்கு' என்று கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 64 பிட் லினக்ஸில் ஒரு புரோகிராமுக்குப் பொதுவாக 128 டிபி முகவரி இடம் உண்டு. 20 ஜிபி அதில் ஒரு மூலைக்குக் காணாது. பழைய 32 பிட்டில் மொத்தமே 4 ஜிபி, அங்கே இது நடக்காது.

நான் பார்க்கும் வேலையையே சொல்கிறேன். பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளின் (எங்கள் பேச்சில் காத்தாடி) பதிவுகள். பத்துக் காத்தாடி, நொடிக்கு ஒரு பதிவு, பதிவுக்கு 64 பைட் என்றால் வருடத்துக்குச் சுமார் 20 ஜிபி ஆகிவிடும். இதை மேப் செய்துவிட்டு 10,000 என்ற எண்ணுள்ள பதிவைக் கேட்கிறேன் (பதிவு, பைட், பேஜ் எல்லாவற்றையும் 0-விலிருந்து எண்ணுகிறோம்). அது 6,40,000-ஆம் பைட்டில் தொடங்கும். கர்னல் நினைவகத்தைப் பேஜ் என்ற துண்டுகளாகத்தான் கையாளும், ஒரு பேஜ் பொதுவாக 4,096 பைட். ஆக, 156-ஆம் பேஜில் 1,024 பைட் தள்ளி இருக்கிறது. அந்தப் பேஜ் ரேமில் இல்லையென்றால் சிபியு பேஜ் ஃபால்ட் ('பேஜ் இங்கே இல்லை' என்ற அறிவிப்பு) எழுப்பும். கர்னல் புரோகிராமை அப்படியே நிறுத்தி, டிஸ்கிலிருந்து பேஜை எடுத்துப் பேஜ் கேச்சில் (கோப்புப் பேஜ்களுக்காக ரேமில் உள்ள இடம்) வைத்து, பேஜ் டேபிளில் (எந்த முகவரிக்கு ரேமில் எந்த இடம் என்ற பட்டியல்) பதிந்துவிட்டு, நின்ற கட்டளையையே மறுபடி ஓடவிடும். புரோகிராமுக்கு எதுவும் தெரியாது. அதே பேஜிலுள்ள மற்ற 63 பதிவுகளுக்கு இனி டிஸ்குக்குப் போக வேண்டாம். ரேம் நெருக்கடி வந்தால், மாற்றப்படாத பேஜ்களைக் கர்னல் தயங்காமல் தூக்கிப் போட்டுவிடும், கோப்பில்தான் இருக்கிறதே!

ரீட் என்றால் பேஜ் கேச்சிலிருந்து நம் பஃபருக்கு (புரோகிராம் ஒதுக்கிய நினைவிடம்) இன்னொரு நகல். எம்மேப்பில் அது மிச்சம். அதற்காக எம்மேப்தான் எப்போதும் வேகம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டமாக வாசிக்க ரீட்டே போதும், பல நேரம் அதுவே முந்தும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடத்தான் எம்மேப் சுகம்.

எழுதுவதானால், எம்மேப் அழைக்கும்போது மேப்_ஷேர்டு (MAP_SHARED) என்ற விருப்பத்தைக் கொடுத்தால் மாற்றம் கோப்புக்கே போகும். மேப்_பிரைவேட் (MAP_PRIVATE) என்றால் நீங்கள் மாற்றிய பேஜுக்கு மட்டும் தனி நகல், கோப்பு மாறாது. ஷேர்டிலும் உடனே டிஸ்குக்குப் போக வேண்டுமென்றால் எம்சிங்க் (msync) அழைக்க வேண்டும்.

அப்புறம், மேப் செய்த கோப்பை வேறொரு புரோகிராம் வெட்டிச் சுருக்கினால் வம்புதான். ரீட்டாக இருந்தால் 'கோப்பு முடிந்தது' என்று திரும்பிவிடும். இங்கே இல்லாத பேஜைத் தொட்டதும் சிக்பஸ் (SIGBUS) என்ற பிழை சிக்னல் வந்து, பிடிக்க ஆளில்லாவிட்டால் புரோகிராமே செத்துவிடும். அதனால் லாக் (log, பதிவுக் கோப்பு) சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் பழைய கோப்பைச் சுருக்காமல், வேறு பெயருக்கு மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கட்டும்.