மின் அடுப்பிலிருந்து கேஸ் அடுப்புக்கு மாறலாமா? மாறியவர்கள் அனுபவம் என்ன?

நாங்கள் மாறி இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஒன்பது வருடம் மின் அடுப்புதான். இன்டக்‌ஷன் இல்லை, கண்ணாடிக்குக் கீழே கம்பிச்சுருள் சிவந்து எரியுமே, அந்த ரகம். மாறலாம், தப்பில்லை. ஆனால் அடுப்பு பார்க்கக் கிளம்பும் முன் உங்கள் சமையலறை ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மாறிய முதல் வாரம் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஈரம் பூத்திருந்தது. பாத்திரத்தை மூடித்தானே வைத்தோம், ஆவி எங்கிருந்து வருகிறது என்று மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆவி வந்தது பாத்திரத்திலிருந்து இல்லை, நெருப்பிலிருந்து. கேஸ் எரிந்தால் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகும். கூடவே கொஞ்சம் நைட்ரஜன் டை ஆக்சைடும் வரும். அது நுரையீரலுக்கு ஆகாது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் ஆகாது. மின் அடுப்பில் இந்தத் தொல்லையே கிடையாது. எங்களிடம் சிம்னி இருந்தது. ஆனால் அது காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிற ரகம். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், இதைப் பிடிக்காது. கடைசியில் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்ட பிறகுதான் சரியானது. ஜன்னலும் இல்லை, ஃபேனுக்கு வழியும் இல்லை என்றால் மின் அடுப்போடு இருந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது ஜெட், அதாவது பர்னருக்குள் கேஸ் வெளிவரும் சிறு துளை உள்ள திருகு. சிலிண்டர் கேஸும் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவும் ஒன்றில்லை. ஒரே கன அளவுக்குச் சிலிண்டர் கேஸில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சூடு. அதனால் அதற்கு ஜெட்டின் துளை சிறிதாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த அடுப்பில் இருந்தது குழாய் கேஸுக்கான ஜெட். வீட்டில் இருப்பதோ சிலிண்டர். மாட்டிக் கொடுத்தவர் கவனிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பற்றவைத்தால் நெருப்பு மஞ்சளாக நாக்கு நீட்டிக்கொண்டு எழுந்தது, பத்து நிமிடத்தில் பாத்திரத்தின் அடி கரிக்கட்டை. உடனே அணைத்துவிட்டு வேறொருவரைக் கூப்பிட்டோம். அவர் பர்னர் மூடியை எடுத்து, உள்ளேயிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் திருகைக் கழற்றிக் காட்டினார். அதன் தலையில் 115 என்று இருந்தது, அதாவது துளை 1.15 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 85 போட்டார். சுடர் நீலமாகிவிட்டது. நீங்கள் வாங்கும்போதே எந்த கேஸுக்கு என்று கேட்டுவிடுங்கள். பிறகும் என்றாவது நெருப்பு மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம், கார்பன் மோனாக்சைடு வரும். அப்படியே விட்டு வைக்காதீர்கள்.

பழைய அடுப்புக்கு வந்த தடிமனான மின் கம்பியை எலக்ட்ரீஷியனை வைத்து முறையாகத் துண்டித்து மூடுங்கள். பொறி பற்றவைக்க அடுப்புக்குத் துளி கரண்ட் போதும், அதற்குச் சாதாரண பிளக் பாயின்ட் தனியாக வேண்டும்.

வேகம்? கேஸ் என்றால் சீக்கிரம் ஆகும் என்று நானும் நம்பித்தான் மாறினேன். தண்ணீர் கொதிக்க அப்படியொன்றும் சீக்கிரம் ஆகவில்லை. கேஸ் நெருப்பில் பாதிக்கு மேல் பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடுகிறது. உள்ளே இறங்குவது ஏறக்குறைய 40 சதவீதம்தான். மின் அடுப்பில் 70 சதவீதம் வரை இறங்கும். ஆக 3 கிலோவாட் பெரிய பர்னரும் பழைய 2 கிலோவாட் தட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிச்சச் சூடு சமையலறைக்கு, அப்புறம் பாத்திரத்தின் கைப்பிடிக்கு. ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி உருகிய பிறகுதான், நெருப்பு பாத்திரத்தின் அடியைத் தாண்டக் கூடாது என்று எனக்கு உறைத்தது.

மாறியதில் சந்தோஷம் எதில் என்றால், அணைத்தால் அணைந்துவிடுகிறது. பழைய அடுப்பை நிறுத்திய பிறகும் பால் பொங்கி வழியும், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடணும். ஆனால் அந்தச் சூட்டை நம்பி ஐந்து நிமிடம் முன்னாலேயே அணைக்கும் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்ததால், முதல் மாதம் பாதி சமையல் அரைவேக்காடு. இன்னொன்று, சிம்மில் வைத்தாலும் சிறிய பாத்திரத்துக்கு அது அதிகம்தான். சிறிய பர்னரிலும் அடிப்பிடிக்கும்.

சுத்தம் செய்வதில் மின் அடுப்புதான் ராஜா. ஒரு துணியால் துடைத்தால் முடிந்தது. இங்கே தாங்கி, மூடி, வளையம் என்று கழற்றிக் கழுவணும். ஈரத்தோடு திரும்ப வைத்தால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும், பற்றாது. பற்றினாலும் குமிழைச் சில நொடி அழுத்திப் பிடிக்கணும். நெருப்பு தற்செயலாக அணைந்தால் கேஸை நிறுத்துகிற சென்சார் சூடாக அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அந்த வசதி இல்லாத அடுப்பை வாங்கவே வாங்காதீர்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கும் அலாரமும் ஒன்று வாங்கினோம். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் அலாரத்தைக் கீழே மாட்டணும். குழாய் கேஸ் லேசு, மேலே போகும்; அதற்குக் கூரைப் பக்கம். எங்களுடையது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. வீட்டில் யாராவது தினமும் சரியாக அதன் முன்னால்தான் குப்பைக்கூடையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள், நானும் தினமும் நகர்த்துகிறேன்.