உப்புக்காற்றில் ஓடும் லினக்ஸ் லேப்டாப்: கேள்வி பதில்

பழைய லேப்டாப் கைவிட்டுவிட்டது, கையில் பணம் குறைவு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட வேண்டும், ஓய்வு நேரத்தில் கொஞ்சம் கேம் ஆட வேண்டும். பரமக்குடியிலிருந்து பாம்பன் வரை வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவை இங்கே.

பரமக்குடி: அண்ணே, பட்ஜெட் 25,000. ஷோரூமில் செலரான் போட்ட புது லேப்டாப் இருக்கு. கேரன்டி இருக்குன்னு வீட்டுல அதையே வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த விலையில் வரும் செலரான் என்4020 பிராசஸரில் இரண்டே கோர். ரேம் 4 ஜிபி, அதுவும் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்தது. ஸ்டோரேஜ் இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த சிப்) என்றால் அதையும் மாற்ற முடியாது. பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே திணறும். அதே பணத்தில், கம்பெனிகள் பயன்படுத்திவிட்டு விற்ற ஐ5-8250யு (இன்டெல் 8-ஆம் தலைமுறை பிராசஸர்) லேப்டாப் ரீஃபர்பிஷ்டாக, அதாவது சரிபார்த்துப் புதுப்பித்ததாகக் கிடைக்கும்: நான்கு கோர், எட்டு திரெட், கழற்றி மாட்டும் ரேம், எஸ்எஸ்டி. கேரன்டி இல்லையே என்பது நியாயமான பயம். அதற்கு மருந்து, கடையிலேயே சோதித்து வாங்குவது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். அதனால் 6, 7-ஆம் தலைமுறை மெஷின்கள் இன்னும் மலிவு. லினக்ஸுக்கு அவை போதும். 6-க்குக் கீழே மட்டும் போகாதீர்கள். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் டிஎக்ஸ்விகே-வின் இப்போதைய பதிப்புகள் வல்கன் 1.3 என்ற கிராஃபிக்ஸ் வசதியைக் கேட்கும். 4-ஆம் தலைமுறை கிராஃபிக்ஸ் அதைத் தராது.

தங்கச்சிமடம்: மாடல் பேரைச் சொல்லுங்க, கடையில போய் அதையே கேட்டுடறேன்.

இன்டெல்லில் லெனோவோ திங்க்பேட் டி480, எச்பி எலைட்புக் 840 ஜி5, டெல் லேட்டிட்யூட் 5490. மூன்றிலும் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு. கேம் முக்கியம் என்றால் கொஞ்சம் கூடப் போட்டு ஏஎம்டி-யின் ரைசன் 4000 பிராசஸர் வரிசைக்குப் போங்கள்: எலைட்புக் 845 ஜி7 அல்லது திங்க்பேட் டி14 முதல் தலைமுறை ஏஎம்டி. இவற்றின் வேகா கிராஃபிக்ஸ், மேலே சொன்ன இன்டெல் மெஷின்களின் யுஎச்டி 620 கிராஃபிக்ஸைத் தெளிவாக முந்தும்.

ரேமை நான் விடாமல் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மெஷின்களில் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமில்தான் வேலை செய்யும். 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் பாதி பாதை மூடியபடிதான் ஓடும். 8 + 8 என்று இரண்டு ஸ்லாட்டிலும் இருந்தால் கேமில் வரும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டி14-இல் ஒரு பகுதி ரேம் போர்டிலேயே இருக்கும். அது 8 என்றால் ஸ்லாட்டில் இன்னொரு 8 போடுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, ஆகவே 16 ஜிபி ஏற்கெனவே உள்ள மெஷினாகப் பேரம் பேசுங்கள்.

திரையையும் கேளுங்கள். இந்த மாடல்களில் சில 1366×768 மங்கல் திரையோடும் வரும், 1920×1080 ஐபிஎஸ் திரையோடும் வரும். முதலாவது நம் ஊர் வெளிச்சத்தில் கண்ணைக் களைப்பாக்கும்.

ராமநாதபுரம்: கடைக்காரர் ஆன் பண்ணிக் காட்டினா எல்லாமே நல்லாத்தான் தெரியுது. வேற என்ன பார்க்கணும்?

லினக்ஸ் மின்ட் 22 (லினக்ஸில் எளிதான ஒரு வகை) ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து பூட் செய்யலாம். பூட் செய்ய விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

முதலில் பயாஸுக்குள் (மெஷின் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) நுழையுங்கள். திங்க்பேடில் எஃப்1, எச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2. பாஸ்வேர்ட் கேட்டால் அந்த மெஷினை அப்படியே வைத்துவிடுங்கள். திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை பேட்டரியைக் கழற்றி அழிக்க முடியாது.

மின்ட் திறந்ததும் பவர் ஸ்டாடிஸ்டிக்ஸில் பேட்டரியின் இரண்டு எண்களைப் பாருங்கள்: டிசைன் அளவு, இப்போது முழுதாக ஏறும் அளவு. இரண்டாவது எண் முதலாவதில் 60 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். டி480-இல் உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது ஒன்று என இரண்டு பேட்டரி. இரண்டையும் பார்க்க வேண்டும். அடுத்து டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் குறிப்பு. எஸ்எஸ்டியில் ரீஅலோகேட்டட் கணக்கு (பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகள்) காட்டினால், அது சுழியமாக இருப்பது நல்லது.

டி480 உட்பட அந்தக் காலத் திங்க்பேடுகள் சிலவற்றில் ஒரு கோளாறு உண்டு. தண்டர்போல்ட் எனும் வேகமான டைப்-சி இணைப்பின் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) பழையதாகவே இருந்தால் காலப்போக்கில் டைப்-சி போர்ட் படுத்துவிடும். லெனோவோ திருத்தம் வெளியிட்டது, ஆனால் எல்லா மெஷினிலும் அதை ஏற்றியிருக்க மாட்டார்கள். இரண்டு டைப்-சி போர்ட்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள், பென்டிரைவையும் செருகிப் பாருங்கள்.

கடைசியாக மொபைல் டார்ச். யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, நெட்வொர்க் போர்ட் துளைகளுக்குள் அடியுங்கள். தகடுகளில் பச்சைப் பூப்போ வெள்ளைப் பொடியோ இருந்தால், அடிமூடியின் ஸ்க்ரூவில் துரு இருந்தால், அது ஏற்கெனவே ஒரு கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்த மெஷின்.

பாம்பன்: வீட்டுக்கும் கடலுக்கும் இருநூறு மீட்டர்தான். லேப்டாப் வாங்கினா ரெண்டு வருஷத்துல யுஎஸ்பி போகுது, அப்புறம் கீபோர்ட் போகுது. இதுக்கு என்னதான் வழி?

காற்றில் வரும் உப்புத்தூள் போர்டில் படியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது அந்த உப்பு தண்ணீரை இழுத்துத் தானே கரைந்து, மின்சாரம் கடத்தும் படலமாகிவிடும். அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு நடுவே அந்தப் படலம் இருந்து, கரன்ட்டும் இருந்தால் செம்பு அரிக்கத் தொடங்கும். ஷட் டவுன் செய்தாலும் பேட்டரி மாட்டியிருக்கும்வரை சில இடங்களில் கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் மாதக்கணக்கில் தொடாமல் வைத்த லேப்டாப் தினமும் ஓடுவதைவிட முன்னதாகப் போகிறது. ஓடும் மெஷின் உள்ளே சூடாக இருப்பதால் ஈரம் தங்குவதில்லை.

செய்ய வேண்டியவை: கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்மேற்கு ஜன்னலோரமும், வாடைக் காலத்தில் வடகிழக்கு ஜன்னலோரமும் மேசையைப் போடாதீர்கள். வேலை முடிந்து மெஷின் ஆறியதும் ரப்பர் விளிம்புள்ள மூடி டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சூட்டோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் ஆரஞ்சு நிறமாக வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. ஆரஞ்சு பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு போர்ட்டுகளையும் ரேம் தகடுகளையும் துடையுங்கள். ஃபேனைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டரி. ஏசி அறையிலிருந்து திண்ணைக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேரம் பொறுத்து ஆன் செய்யுங்கள், குளிர்ந்த மெஷினில் பனி பூக்கும்.

இந்தக் கரையில் திறந்து பார்க்கக்கூடிய மெஷினை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். போன கீபோர்டைத் தனியாக வாங்கி மாட்ட முடிய வேண்டும்.

கீழக்கரை: எங்க காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து ஜிடிஎக்ஸ் 1050 போட்ட பழைய கேமிங் லேப்டாப் கொடுத்துவிடறேங்கிறாக. லினக்ஸுக்கு ஒத்துவருமா?

இலவசமாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1050, எம்எக்ஸ்150 ஆகியவை பாஸ்கல் என்ற பழைய தலைமுறை; அவற்றுக்கு என்விடியா டிரைவரில் 580 வரிசையே கடைசி, அதற்குப் பிந்தையவை ஒத்துவராது. ஜிடிஎக்ஸ் 1650 என்றால் அந்தக் கவலை இல்லை. சார்ஜரோடு அங்குள்ள தடித்த மூன்று முள் பிளக் வரும். அதற்கு கன்வெர்ட்டர் மாட்டாமல், சார்ஜர் பக்க முனையில் மூன்று ஓட்டை உள்ள நம்மூர் பவர் கேபிளாக மாற்றிவிடுங்கள். மலிவு கன்வெர்ட்டர்கள் பலவற்றில் எர்த் தொடாது.

மண்டபம்: சார்ஜ் போட்டிருக்கும்போது பாடியைத் தொட்டா சுருசுருங்குது. ஷாக்கா?

எர்த் இல்லாததன் அடையாளம். சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய கசிவு வரும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு. மூன்றாவது முள்ளை ஒடித்த பிளக்கா, இரண்டு முள் எக்ஸ்டென்ஷனா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பாருங்கள். கோடையில் மணல் காய்ந்துபோனால் எர்த் செத்துவிடும், குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் ஸ்பைக் கார்டும் எர்த் இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும்.

ஏர்வாடி: டெல் லேப்டாப் கரன்ட்டுல ஓடுது, சார்ஜ் ஏறல, ஆமை வேகம். போர்டு போச்சுங்கிறாங்க.

போர்டுக்குப் போகும் முன் சார்ஜர் முனையின் நடுவில் உள்ள மெல்லிய ஊசியைப் பாருங்கள். டெல் மெஷின் அதன் வழியாகத்தான் சார்ஜரை அடையாளம் காணும். ஊசி வளைந்தோ அரித்தோ இருந்தால் சார்ஜ் ஏற்றாது, பிராசஸர் வேகத்தையும் குறைத்துவிடும். வேறொரு ஒரிஜினல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அதிலும் அப்படியே என்றால் லேப்டாப் பக்க ஜாக்கை மாற்றுங்கள், பல மாடல்களில் அது தனி கேபிள்.

தொண்டி: ஸ்டீமில் கேம் இறங்கிடுச்சு, பிளே அழுத்தினா ஒன்னுமே வரல. கேம் எல்லாம் பழைய விண்டோஸ் டிரைவுல இருக்கு.

அங்கேதான் சிக்கல். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட ஸ்டீம் பயன்படுத்தும் புரோட்டான் உருவாக்கும் கோப்புறையில் பெயரில் முக்காற்புள்ளி உள்ள இணைப்புகள் இருக்கும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகை டிரைவில் அவை ஒழுங்காக நிற்காது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் அந்த டிரைவில் லினக்ஸால் எழுதவும் முடியாது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 வகைப் பார்ட்டிஷன் ஒன்று பிரித்து கேம்களை அங்கே மாற்றுங்கள். முதல் தடவை ஓட்டும்போது ஷேடர் (காட்சி வரையும் சிறு நிரல்கள்) தயாராகும்வரை விக்கி விக்கி ஓடும், அது கோளாறு அல்ல.

உச்சிப்புளி: வாலரன்ட் ஓடுமா?

ஓடாது. அதன் ஆன்ட்டிசீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) விண்டோஸின் அடித்தளமான கர்னலுக்குள் உட்காருவது. ஃபோர்ட்நைட்டும் ஓடாது. டோட்டா 2, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு வேகா வேண்டும், அதுவும் 720p திரை அளவில், குறைந்த செட்டிங்கில். ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட், சூப்பர்டக்ஸ்கார்ட் எல்லாம் யுஎச்டி 620-லேயே நன்றாக ஓடும்.

தேவிபட்டினம்: மின்டில் தமிழ்99 தட்டச்சு வருமா? இன்ஸ்டால் பண்ணும்போது வைஃபை தெரியலன்னா?

வரும். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளும் அதற்கான எம்17என் தொகுப்பும் ஏற்றினால் பட்டியலில் தமிழ்99 இருக்கும். வைஃபை தெரியாவிட்டால் மொபைலை கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து அது காட்டுவதை ஏற்றுங்கள். மேலே சொன்ன இன்டெல் மாடல்களில் பெரும்பாலும் இன்டெல் வைஃபை கார்டுதான், அது தானாகவே வேலை செய்யும்.