வகுப்புக்கு ஆள் வர என்ன செய்யலாம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அருகே எங்கள் கிராமம். பஞ்சாயத்தின் தொடர்கல்வி மையத்தில் பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கான பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வான 'துல்யதா'வுக்குப் பெயர் கொடுத்த பெண்களில் பாதிப் பேர் இப்போது வருவதில்லை. அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்களின் குடும்பஸ்ரீ குழு) பணம் திரட்டி நோட்டு, பேனா வாங்கித் தந்தோம். பயனில்லை. பள்ளிக்கே போகாத என் மாமியாரோ, "இந்த வயசுல படிச்சுக் கலெக்டர் ஆகப் போறோமா?" என்கிறார். இன்னும் பணம் திரட்டலாமா?
- ஒரு வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, பணம் இப்போதைக்கு வேண்டாம். நின்றுபோன ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசுங்கள். "ஏன் வரலை?" என்று கேட்டால் "வேலை" என்றுதான் சொல்வார்கள். எந்தப் பாடத்தில் மனம் விட்டுப்போனது என்று கேளுங்கள்.

உங்கள் பக்கத்தில் பலரும் தமிழ்ப் பள்ளியில் ஏழாவதோடு நின்றவர்கள். அவர்கள் கையில் மலையாளப் புத்தகம் வந்திருந்தால் மூன்றாம் வாரமே நின்றுவிடுவார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். யார் எந்த மொழியில் பதிந்திருக்கிறார்கள் என்று மையத்தை நடத்தும் ஊழியரான பிரேரக்கிடம் கேட்டுப் பாருங்கள். அப்புறம், சித்தூர் தாலுகாவில் ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கணக்குக்கும் சமூக அறிவியலுக்கும் ஒருவராவது வந்து உட்கார்ந்தால், நூறு நோட்டுக்கு மேல் அது உதவும்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமைதானே? கல்யாணம், விருந்து, பிள்ளைகளுக்கு விடுமுறை எல்லாம் அன்றைக்குத்தான். அயல்கூட்டத்தில் முறைபோட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் திரட்டியே ஆக வேண்டுமென்றால், தோட்டத்து வீடுகளிலிருந்து வருபவர்களின் ஆட்டோவுக்குக் கொடுங்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். 2018இல் கேரளத்தின் 'அக்ஷரலட்சம்' எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கிய கார்த்தியாயினி அம்மாவுக்கு அப்போது வயது 96. அருமையான செய்திதான். ஆனால் அதைச் சொல்லி உங்கள் மாமியாரை இழுக்காதீர்கள். குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடும். தினமும் அவர் கையில் வருகிற காகிதத்திலிருந்து தொடங்குங்கள்: ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு. பேசுவது தமிழ், சீட்டில் இருப்பது மலையாளம். இரண்டையும் படிக்கத் தெரிந்தால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அது அவருக்கே தெரியும், கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பிரேரக். குறைந்த மதிப்பூதியத்தில் வீடு வீடாக அலைபவர் அவர். நிலுவை கேட்டுத் தலைமைச் செயலகத்தின் முன் போராட வேண்டிய நிலைக்கும் பிரேரக்குகள் வந்தார்கள். 1991 ஏப்ரல் 18 அன்று, கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோட்டில் அறிவித்தவர், புதிதாக எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா. அந்த அறிவிப்போடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிட்டார்கள். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. படிப்பை விட்டவர்களும் அதற்குப் பின் வந்த தொழிலாளிகளும் அந்தக் கணக்கில் இல்லை.

கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்கு, படிக்கிற பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். மையத்துக்கு நல்ல விளக்கு, கழிப்பறை, தமிழ்ப் பாடப்புத்தகம், ஞாயிறு ஆசிரியருக்குப் படி, இந்த நான்கையும் எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.