பழ வாசம் பஸ்ஸிலேயே போய்விடுகிறதா?

வெள்ளவத்தை வாசகி ஒருவரின் கேள்வி: “அன்னாசி, கொடித்தோடை, தேங்காய் வாசம் கலந்த சென்ட் ஒன்று வாங்கினேன். கடையில் அட்டையில் அடித்து மணந்தபோது அப்படியே பழச்சாறு. காலையில் பூசிக்கொண்டு கோட்டையில் இறங்குவதற்குள் பழம் போய், இனிப்பும் ஏதோ புளிச்ச வாடையும்தான் மிச்சம். போலியா, என் தோலில் பிழையா?”

இரண்டும் இல்லாமலே இப்படி ஆகலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் முதலில் கிளம்புவது பழ வாசம்தான். அன்னாசி மணத்துக்குச் சேர்க்கும் எதில் பியூட்டிரேட் போன்ற எஸ்டர்கள், அதாவது பழ மணம் தரும் சேர்மங்கள், மிக இலேசானவை. உடம்புச் சூட்டிலேயே பறந்துவிடும். தேங்காய் மணம் தரும் காமா-நோனாலாக்டோன், வனிலா மணம் தரும் வனிலின், கஸ்தூரி மணம் தரும் மஸ்க் எல்லாம் கனமானவை, மணிக்கணக்கில் தங்கும். உங்களிடம் மிஞ்சிய இனிப்பு அதுதான். கடை அட்டைக்கு உடம்புச் சூடு கிடையாது, கடையிலும் ஏசி. காலி வீதி நெரிசலில், 30 பாகை வெயிலில் நிலைமை வேறு.

புளிச்ச வாடை எங்கிருந்து வருகிறது என்பதுதான் சுவாரசியம். கொடித்தோடையின் அந்தத் தனி மணத்துக்குக் காரணம் கந்தகம் கலந்த சேர்மங்கள். துளியிலும் துளி இருந்தால் பழம். கொஞ்சம் கூடினால் வியர்வை நாற்றம். அக்குள் வியர்வையிலும் இதே குடும்பத்துச் சேர்மங்கள் உண்டு. அதனால் இந்த வகை சென்ட்டை அக்குள் பக்கமோ வியர்க்கும் கழுத்திலோ அடிக்கவே வேண்டாம். முழங்கை மடிப்பும் முன்கையும் நல்லது.

குளித்துத் துடைத்த கையோடு வாசமில்லாத லோஷன் பூசி, அதன்மேல் அடியுங்கள். காய்ந்த தோலில் எதுவும் நிற்காது. தேங்காயெண்ணெய் வேண்டாம், அதன் மணம் குறுக்கே வரும். பருத்திச் சட்டையின் உள்பக்கம் ஒரு தடவை அடித்தால் பழம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். பட்டில் அடிக்காதீர்கள், கறை விழும். சிறிய போத்தலில் ஊற்றிக் கைப்பையில் வைத்து, ஒபிஸில் இறங்கியபின் பூசுவதுதான் என் முதல் தெரிவு.

இன்னொன்று, மூக்கு பழகிவிட்டால் நமக்கு மணக்காது, பக்கத்தில் இருப்பவருக்கு மணக்கும். அவரிடம் கேட்காமல் மறுபடி அடிக்க வேண்டாம்.

அடுத்த முறை வாங்கும்போது அட்டையை நம்பாதீர்கள். கையில் அடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். காலிமுகத்திடல் வரை ஒரு நடை போய், இரண்டு மணி நேரம் கழித்து மணந்து பாருங்கள். அப்போது மிஞ்சியிருக்கும் வாசம் பிடித்திருந்தால் திரும்பிப் போய் வாங்குங்கள். நாள் முழுக்க உங்களோடு இருக்கப்போவது அதுதான்.